இடாப்பில் ஏறாத பெயர்

பலாங்கொடை, இறக்குவானை, மாவனல்லை, எட்டியாந்தோட்டை என்று சப்ரகமுவயில் எங்கு போனாலும் காணிப் பேச்சு வந்தால் நம்மவர் சொல்வது ஒன்றுதான்: “வாப்பாட உறுதி பெட்டிக்குள்ள இருக்கு, பிறகென்ன?” உறுதி இருப்பது வேறு, உரித்து நிலைப்பது வேறு. இப்பகுதியின் காணி வரலாறு காட்டுவது அதைத்தான்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடாத நிலமும் மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்று அனுமானித்தது. கண்டிப் பகுதிகளில் சேனை நிலத்துக்குச் சன்னஸோ அரச கொடையோ காட்ட வேண்டியிருந்தது. தலைமுறையாகச் சேனை செய்தவரிடம் ஓலை எங்கே இருக்கும்? முடியின் கைக்கு வந்த நிலங்கள் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. பின்னர் அங்கே தேயிலையும் இறப்பரும் வந்தன.

1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அது பதிவது உறுதியைத்தான், உரித்தை அல்ல. குறையுள்ள உறுதி பதிந்ததால் நல்ல உறுதியாகிவிடாது. பிழையான ஏட்டுப் பக்கத்தில் பதியப்பட்டால் பதிவு தரும் முன்னுரிமையும் கைநழுவலாம்.

1858இல் தென் அவுஸ்திரேலியாவில் ரொபர்ட் டொரன்ஸ் வேறொரு வழி கண்டார்: ஏடே உரித்து. அந்த வழியில் வந்ததுதான் இலங்கையின் 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம். ஆரம்பத்திலேயே அது நடைமுறைக்கு வந்த பிரதேசங்களில் நம் பலாங்கொடையும் ஒன்று. 2007இல் ‘பிம் சவிய’ என்ற பெயரில் திட்டம் விரிந்தது.

ஏடே உரித்து என்றானபின், ஏட்டுப் பிழையைத் திருத்துவது யார் என்பது பெரிய கேள்வி. ஒருவரின் உரிமையையும் பாதிக்காத சிறு பிழையை உரித்துப் பதிவாளரே திருத்தலாம். சம்பந்தப்பட்ட அனைவரும் இணங்கினாலும் திருத்தலாம். மோசடியாலோ தவறாலோ உரிமையே மாறியிருந்தால் மாவட்ட நீதிமன்றம்தான் கட்டளையிட வேண்டும். அதற்குள் நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவர் குடியேறியிருந்தால், அவரை அசைப்பது கடினம்.

நான் பாடசாலை இடாப்பு எழுதுகிறவன். ஒரே பிள்ளையின் வாப்பா ஒரு பத்திரத்தில் ‘அப்துல் ரஹ்மான்’, இன்னொன்றில் ‘அப்துர் றஹ்மான்’, சிங்களத்தில் எழுதும்போது மூன்றாவதொரு ஆள்! இத்தகைய எழுத்துப் பிழை திருத்தக்கூடியது. பெயரே விடுபட்டால்?

1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் உயில் இல்லா உரிமைவழிக் கட்டளைச் சட்டப்படி நம் காணிகள் மார்க்கப் பங்கில் இறங்குகின்றன. மனைவி, இரண்டு மகன்மார், ஒரு மகளை விட்டு ஒருவர் மௌத்தானால், காணி 40 பங்காகும்: மனைவிக்கு 5, மகன்மாருக்கு 14 வீதம், மகளுக்கு 7. “தங்கச்சிக்குக் கலியாணத்திலேயே குடுத்தாச்சே” என்று அந்த 7ஐச் சொல்லாமல் விட்டால், நாநா இருவரின் பெயர் மட்டுமே ஏறும். அது பதிவாளர் திருத்தும் எழுத்துப் பிழை அல்ல. அந்தத் தங்கை நீதிமன்றப் படியேறித்தான் கேட்க வேண்டும். ஸூரா அந்நிஸா வகுத்த பங்கை ஒரு மௌனம் விழுங்கிவிடுகிறது.

நம் கடைகளுக்கு மேலே, மலைச்சரிவில், லயத்து மக்களின் நிலை இன்னும் கடுமையானது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் அவர்களில் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992க்குப் பின் கம்பனிகள் நிருவகித்தன. தலைமுறைகளாக வாழ்ந்த லய அறை மட்டும் அவர்களின் பெயரில் இல்லை. 7 பேர்ச், 10 பேர்ச் என்று பேசப்படுவதெல்லாம் அந்தப் பெயர் ஏறினால்தான் காணியாகும். ஏறாத பெயரில் எந்தப் பதிவாளர் எதைத் திருத்துவார்?

திருத்தும் அதிகாரம் நல்லதுதான். ஆனால் அது ஏட்டில் இருப்பவருக்கே முதலில் கைகொடுக்கும். ஆகவே உரிமை கோர அழைக்கும் வர்த்தமானி அறிவித்தல் வந்ததும், ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் அதை வாசித்துக் காட்டுங்கள். உம்மாமாரின், சகோதரிகளின் பெயரை முதலில் எழுதுங்கள். லயத்து அயலவருக்கும் சொல்லுங்கள். பிறகு பார்ப்போம் என்று விட்ட காணி, பிறகு பார்க்கும்போது பிறருடையதாக இருக்கும்.