இருவருக்கு ஒரு கணினி: நேரப் பகிர்விலிருந்து வீட்டு மேசை வரை

1964 மே 1 அதிகாலை நான்கு மணிக்கு அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில், அடுத்தடுத்து வைக்கப்பட்ட இரண்டு முனையங்களில் பேராசிரியர் ஜான் கெமெனியும் ஒரு மாணவரும் ஒரே நேரத்தில் ‘ரன்’ என்னும் கட்டளையைத் தட்டினர். இருவருக்கும் சரியான விடை வந்தது. பேசிக் மொழி பிறந்த தருணமாகவே இந்நிகழ்ச்சி பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. அன்று மெய்ப்பிக்கப்பட்டது மொழி மட்டுமன்று. ஒரே எந்திரத்தின் முன் இருவர் அமரலாம், ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதும் அன்று மெய்ப்பிக்கப்பட்டது. அதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே, 1961 நவம்பரில், எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கோர்பாட்டோ குழுவினர் நேரப் பகிர்வு முறையைச் செயல்படுத்திக் காட்டியிருந்தனர். கணினியின் விலை மிக அதிகம். மனிதன் சிந்திக்கும் வேகமோ எந்திரத்தின் கணக்கில் மிகக் குறைவு. ஒருவர் யோசித்துக்கொண்டிருக்கும் இடைவெளியில் எந்திரம் இன்னொருவருக்கு உழைக்கட்டும் என்ற சிக்கனக் கணக்கிலிருந்தே நேரப் பகிர்வு பிறந்தது.

இக்கணக்கின் மிக எளிய வடிவம் 1969இல் பெல் ஆய்வகத்தில் காணக் கிடைக்கிறது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை முதலில் எழுதியது, அதிகம் பயன்படாமல் கிடந்த பி.டி.பி-7 என்னும் சிறிய எந்திரத்தில். அதில் இணைக்கப்பட்டிருந்தவை இரண்டு முனையங்கள். ஆகவே தொடக்கக் கால யூனிக்ஸில் இயங்கிய செயல்முறைகளும் சரியாக இரண்டே; முனையத்துக்கு ஒன்று. நினைவகத்தில் ஒரு நேரத்தில் ஒருவருடைய நிரலுக்கே இடமிருந்ததால் மற்றவருடையது வட்டுக்குப் போய்த் திரும்பும். இன்று உலகின் சேவையகங்களையும் கைப்பேசிகளையும் தாங்கி நிற்கும் இயங்குதள மரபு, சிக்கனமான ஓர் இடத்தில் இருவர் ஒரு கணினியைப் பகிர்ந்துகொண்டதில்தான் தொடங்கியது. பெயரில் உள்ள ‘ஒருமை’ மல்டிக்ஸ் என்னும் பெருந்திட்டத்தைக் கேலி செய்வதற்காக வைக்கப்பட்டது. பயன்படுத்துவோரின் எண்ணிக்கையை அது குறிக்கவில்லை.

இந்தியாவுக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. 1963இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு வந்த ஐ.பி.எம். 1620இல் வேலைகள் வரிசையில் நின்றன. துளை அட்டைக் கட்டோடு மாணவர் காத்திருக்க வேண்டும். 1970களில் மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு டெக்-10 வந்த பிறகே முனையத்தின் முன் பலர் ஒருசேர அமரும் பழக்கம் இந்திய ஆய்வுலகில் வேரூன்றியது. 1980களில் வங்கிகளைக் கணினிமயமாக்கும் பணி ரங்கராஜன் குழுவின் பரிந்துரைகளை ஒட்டித் தொடங்கிய பின்னர், பல கிளைகளில் ஒரு யூனிக்ஸ் எந்திரமும் அதனுடன் கம்பியால் இணைந்த பச்சை எழுத்து முனையங்களும் இருந்தன. கவுண்டருக்குள் இருந்த நான்கு எழுத்தர்களுக்கும் அது ஒரே கணினி. வாடிக்கையாளர் கண்ணுக்கு அவை நான்கு கணினிகள். 1995 ஆகஸ்டு 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, குறைந்த கட்டணத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த ‘ஷெல்’ கணக்கும் இதே வகையைச் சேர்ந்ததே: தொலைவிலுள்ள ஒரு யூனிக்ஸ் எந்திரத்தில், பலருக்கு நடுவே ஓர் ஓரம்.

அப்படியிருக்க, ‘ஒரு கணினி, ஓர் ஆள்’ என்பது இயற்கை விதிபோல் தோன்றத் தொடங்கியது எப்போது? 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யும் அதில் ஓடிய டாஸ் இயங்குதளமும் ஒருவரை மட்டுமே அறிந்தவை. எட்டாயிரத்துச் சொச்சம் இன்டெல் சில்லை வைத்துக்கொண்டு இருவருக்குப் பணி செய்வது கடினம் என்பதில் அன்று நியாயமும் இருந்தது. ஆனால் அந்த நியாயம் சில ஆண்டுகளே நிலைத்தது. செயலிகளின் வேகம் பல மடங்கு ஏறிய பின்னும் அமைப்பு மாறவில்லை. ‘பெர்சனல்’ என்ற அடைமொழி உடைமையைக் குறித்ததிலிருந்து நகர்ந்து, உட்காருபவரின் எண்ணிக்கையைக் குறிக்கும் சொல்லாயிற்று. இந்திய வீடுகளில் அந்தச் சொல் ஒருபோதும் முழுமையாகப் பொருந்தியதில்லை. கூடத்தில் துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்த கணினி குடும்பத்தினுடையது. யாருக்கு எப்போது என்பதை வயதும் பாலினமும் தேர்வுக் கால அட்டவணையும் தீர்மானித்தன.

இரண்டாவது ஆளை அதே எந்திரத்தில் அமர்த்தத் தேவைப்பட்ட வன்பொருள் சொற்பம். இன்னொரு திரை, இன்னொரு விசைப்பலகை, இன்னொரு மவுஸ், அந்தத் திரைக்கென்று ஒரு மலிவான வரைகலை அட்டை, யு.எஸ்.பி. வந்த பிறகு விசைப்பலகையையும் மவுஸையும் எத்தனை வேண்டுமானாலும் செருகலாம். மையச் செயலி, நினைவகம், வட்டு, மின்தடையைத் தாங்கும் யு.பி.எஸ். ஆகிய விலைமிகுந்த உறுப்புகள் பொது. இவ்வாறு ஓர் ஆளுக்குரிய திரை, விசைப்பலகை, மவுஸ் தொகுதியை ‘இருக்கை’ என்றும், இவ்வேற்பாட்டைப் ‘பல்லிருக்கை’ என்றும் சொல்லலாம்.

தடை மென்பொருளில் இருந்தது. நேரப் பகிர்வின் வாரிசான லினக்ஸில்கூட அது இருந்ததுதான் வரலாற்றின் வேடிக்கை. நூறு பேர் வலைவழியே நுழைய இடம் கொடுத்த கருநிரல், எந்திரத்தின் எதிரே நேரில் அமர்பவர் ஒருவரே என்று கருதியது. அதன் மெய்நிகர் முனையங்களில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் விழித்திருக்கும். எத்தனை விசைப்பலகைகளைச் செருகினாலும் எல்லாவற்றின் எழுத்துகளும் அந்த ஒன்றுக்கே போய்ச் சேரும். இரண்டு வரைகலை அட்டைகளும் பழைய வி.ஜி.ஏ. முகவரிகளுக்காக ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். 2000களின் முற்பகுதியில் லாட்வியாவைச் சேர்ந்த ஐவில்ஸ் ஸ்டாஸ் ‘பேக்ஸ்ட்ரீட் ரூபி’ என்ற ஒட்டுநிரலைப் பராமரித்து, விசைப்பலகைகளைத் தனித்தனி முனையங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். பிரேசிலின் பரனா கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தார் ஒரு கணினிக்கு நான்கு இருக்கை என்ற அமைப்பை உருவாக்கி அம்மாநிலப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றனர். வேறு சிலர், ஒரு பெரிய திரைச் சேவையகத்துக்குள் ‘செஃபிர்’ என்ற உள்திரைகளை ஓடவிட்டுச் சுற்றுவழியில் அதே பயனைப் பெற்றனர். வி.ஜி.ஏ. மோதலைத் தீர்க்கும் நடுவர் நிரல் 2009இல் கருநிரலுக்குள் வந்தது. 2012இல் ஃபெடோரா 17 வெளியானபோது, குறிப்பிட்ட வகை யு.எஸ்.பி. இணைப்புப் பெட்டியைச் செருகினால் இரண்டாவது நுழைவுத் திரை தானே எழும் நிலை வந்தது. டார்ட்மவுத் அதிகாலையிலிருந்து கணக்கிட்டால் நாற்பத்தெட்டு ஆண்டுகள்.

விண்டோஸின் கதை வேறு. அங்கே தடை தொழில்நுட்பத்தில் இருந்தது என்று சொல்வதற்கில்லை. என்.டி. மரபு பல பயனர்களைத் தாங்கும் என்பதை 1995இல் சிட்ரிக்ஸ் நிறுவனத்தின் வின்ஃபிரேமும், 1998இல் மைக்ரோசாஃப்ட்டின் ‘டெர்மினல் சர்வர்’ பதிப்பும் காட்டிவிட்டன. வீட்டுக்கு வந்த எக்ஸ்.பி.யில் ‘விரைவுப் பயனர் மாற்றம்’ இருந்தது. அண்ணனின் கோப்புகள் திறந்தபடி இருக்க, தங்கை தன் கணக்கில் நுழையலாம். ஆனால் அண்ணன் எழுந்தாக வேண்டும். இரண்டு அமர்வுகளும் உயிரோடுதான் இருந்தன. திரை ஒன்றே ஒன்றுக்குத்தான் அனுமதி. இரண்டாம் சேவைத் தொகுப்பின் சோதனைப் பதிப்புகளில் ஒரே நேரத்தில் இரு அமர்வுகள் இயங்கும் வசதி தென்பட்டது. 2004இல் இறுதிப் பதிப்பு வந்தபோது அது நீக்கப்பட்டிருந்தது. பல பயனர் வசதி சேவையகப் பதிப்பில் தனி விலைக்கு விற்கப்பட்ட சரக்கு. அதை வீட்டுப் பதிப்பில் இலவசமாக வைத்தால் அந்தச் சந்தை என்னாகும்? பீட்வின், ஆஸ்டர் போன்ற பிறர் எழுதிய மென்பொருள்கள் அந்த இடைவெளியில் பிழைத்தன. ஆனால் அவற்றின் விலையையும் சேர்த்துப் பார்க்கும்போது, மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பகுதி கரைந்துவிடும். ‘ஒரு கணினி, ஓர் ஆள்’ என்னும் விதி சில்லில் பொறிக்கப்பட்டதைவிட உரிமத்தில் எழுதப்பட்டதே அதிகம் என்று கொள்வதற்கு இது போதிய சான்று.

பகிர்வில் யார் உட்காருகிறார், யார் எட்டிப் பார்க்கிறார் என்ற வினாவை இந்தியச் சூழலில் முறையாக அளந்தவர்கள் பெங்களூரில் இருந்தனர். 1999 ஜனவரியில் தில்லி கால்காஜியில் சுகதா மித்ரா சுவரில் பதித்த கணினியைச் சுற்றிக் குழந்தைகள் கூடியது உலகப் புகழ் பெற்றது. கூட்டத்தில் யார் கை சுட்டுக்கருவியின் மேல் இருந்தது என்ற கேள்வியை அதன் விமர்சகர்கள் பின்னர் எழுப்பினர். மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவின் பெங்களூர் ஆய்வகத்தில் உதய் சிங் பவார், ஜோயோஜீத் பால், கென்டாரோ டோயாமா ஆகியோர் ஊரகப் பள்ளிகளில் கண்டதும் அதுவே. ஒரு கணினியைச் சுற்றிப் பல குழந்தைகள் இருப்பர், மவுஸ் ஒருவரிடமே இருக்கும், மற்றவர்கள் பார்வையாளர்கள். அவர்கள் கண்ட தீர்வு கணினிகளைப் பெருக்குவதன்று, மவுஸைப் பெருக்குவது. ஒரே திரையில் ஐந்து மவுஸ்கள், ஐந்து நிற அம்புக்குறிகள்.

2007இல் வெளியான அவர்களது ஆய்வில் 238 குழந்தைகள் பங்கேற்றனர். பணி, ஆங்கிலச் சொற்களைக் கற்று நினைவில் வைத்தல். ஐவர் ஐந்து மவுஸ்களுடன் பகிர்ந்த கணினியில் ஒவ்வொருவரும் கற்ற சொற்கள், தனியே ஒரு கணினியில் அமர்ந்த குழந்தை கற்றவற்றுக்கு மொத்தத்தில் ஈடாக இருந்தன. இதனினும் கவனத்துக்குரியது இன்னொரு முடிவு. மென்பொருள் போட்டி முறையில் அமைக்கப்பட்டதா, கூடி முடிவெடுக்கும் முறையில் அமைக்கப்பட்டதா என்பதைப் பொறுத்துச் சிறுவர்களின் கற்றல் குறிப்பிடத்தக்க அளவு மாறியது. சிறுமியரோ எந்த அமைப்பிலும் ஏறத்தாழ ஒரே அளவு கற்றனர். பகிர்வின் பயன் எத்தனை பேர் என்பதில் மட்டும் இல்லை, எந்த விதியின்கீழ் என்பதிலும் உள்ளது என்பதை இவ்வளவு சிறிய செலவில் காட்டிய ஆய்வுகள் குறைவு.

அரசுகள் எடுத்துக்கொண்டது விலைக் கணக்கை. 2008இல் ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேச அரசு என்கம்ப்யூட்டிங் நிறுவனத்தின் கருவிகளைக் கொண்டு 5,000 பள்ளிகளில் 50,000 இருக்கைகளை அமைக்கும் திட்டத்தை மேற்கொண்டது. ஒரு கணினிக்கு ஐந்து மாணவர்; அதாவது 10,000 கணினிகள் போதும். கணினிக்குள் செருகும் ஓர் அட்டை, அதிலிருந்து சாதாரண வலையமைப்புக் கம்பிகள், மறுமுனையில் திரையும் விசைப்பலகையும் இணையும் கையளவுப் பெட்டி. கொள்முதல் செலவு போலவே மின்செலவும் குறையும் என்பது கிராமப் பள்ளிகளுக்கு முக்கியமான செய்தி. மறுபக்கம், அந்த ஒரு கணினி பழுதானால் ஐந்து மாணவர் எழுந்து நிற்க வேண்டும். 2010இல் மைக்ரோசாஃப்டும் ‘மல்டிபாயின்ட் சர்வர்’ என்ற பெயரில் பள்ளிகளுக்கு இதே வசதியை விற்கத் தொடங்கியது. வீட்டுப் பதிப்பில் தரப்படாதது, வகுப்பறைக்குத் தனிச் சரக்காக வந்தது.

வீடுகள் இக்கணக்கின் வெளியே நின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் கணினி இருந்தது 9.5 விழுக்காட்டில். 2017-18இல் தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று கண்டது 10.7 விழுக்காடு, ஊரகத்தில் 4.4, நகரத்தில் 23.4. இருப்பவர், இல்லாதவர் என்ற பிளவையே இந்த எண்கள் காட்டுகின்றன. ‘கணினி உள்ள குடும்பம்’ என்ற ஒற்றைக் கட்டத்துக்குள் நான்கு பேர் இருந்தால் அந்த நால்வருக்குள் அது எப்படிப் பங்கிடப்பட்டது என்பதை அவை கேட்பதில்லை. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது அந்தக் கட்டம் திடீரென வெடித்துத் திறந்தது. காலை ஒன்பது மணிக்கு மகளுக்கும் வகுப்பு, மகனுக்கும் வகுப்பு. முறை வைத்துப் பகிர்வது பல்லாண்டாகப் பழகிய வழி. ஒரே மணியில் இருவருக்குத் தேவைப்படும்போது அது உதவாது. அங்கே யாரோ ஒருவர் கைப்பேசியின் சிறிய திரைக்குத் தள்ளப்பட்டார், அல்லது வகுப்பை இழந்தார்.

அந்த மேசையில் இருந்த கணினி இரு வகுப்புகளையும் ஒருசேரத் தாங்கக்கூடியதாகப் பல வீடுகளில் இருந்தது. தேவையான கட்டளையும் பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களில் ஏற்கெனவே இருந்தது: ‘லாகின்சிடிஎல்’ கருவியைக் கொண்டு இரண்டாவது வரைகலை அட்டையையும் யு.எஸ்.பி. முனையத்தையும் புதிய இருக்கைக்கு ஒதுக்கினால் போதும். அதற்கும் சில நிபந்தனைகள் உண்டு. கணினியில் இரண்டாவது அட்டைக்கு இடம் இருக்க வேண்டும். மடிக்கணினியில் அது அரிது. இரண்டு வகுப்புகள் என்றால் இரண்டு கேமராக்களும் இரண்டு ஒலிக் கருவிகளும் வேண்டும், தலையணி ஒலிபெருக்கி இல்லாவிட்டால் ஒரு வகுப்பின் குரல் மற்ற வகுப்புக்குள் கசியும். காணொளி அழைப்பு, வெறும் தட்டச்சு போலன்றி, செயலியை உண்மையாகவே உழைக்க வைக்கும். பள்ளி வலியுறுத்தும் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும் என்றால் கதை அங்கேயே முடியும்.

இதற்குள் சந்தையின் கணக்கும் மாறிவிட்டது. 2012இல் 35 டாலருக்கு வந்த ராஸ்பெர்ரி பை, இரண்டாவது இருக்கைக்கான அட்டை விலைக்கே ஒரு முழுக் கணினியை மேசையில் வைத்தது. மலிவான கைப்பேசி, ‘ஆளுக்கு ஒன்று’ என்பதைக் கணினி சாதிக்காத வேகத்தில் சாதித்தது. மல்டிபாயின்ட் வசதி 2016 விண்டோஸ் சர்வரோடு நின்றுபோனது. பல்லிருக்கை இன்று ஆர்வலர்களின் கைவேலையாக மீந்திருக்கிறது. அவர்களிலும் கணிசமானோர் அதை நாடுவது, திறன்மிக்க ஒரே செயலியில் இருவர் விளையாடுவதற்காக.

ஆயினும் லினக்ஸின் நிரல்களிலிருந்து அந்த வசதி அகற்றப்படவில்லை. இரண்டு இருக்கைகளுக்கும் தனித்தனிக் கடவுச்சொல், தனித்தனிக் கோப்புறை. தம்பி விளையாடும் நேரத்தில் அக்கா தன் ஆய்வேட்டை எழுதலாம், அவன் எழுந்திருக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அவர்களுக்குள் பொதுவாக எஞ்சுவது மின்பொத்தான் ஒன்றே. தம்பி சலிப்பில் அதை அழுத்தினால் அக்காவின் சேமிக்கப்படாத பத்தியும் போய்விடும். பி.டி.பி-7இல் அமர்ந்த இருவருக்கும் இருந்த இடர் அது.