கர்னல் நினைவகச் சோதனைகளில் பொய் எச்சரிக்கைக் குறைப்பு

இயங்குதளத்தின் உட்கருவாகிய கர்னலில் நினைவகப் பிழைகளைத் தேடும் கருவி, பிழையில்லாத நிரல்வரியைப் பிழையென்று காட்டுவது பொய் எச்சரிக்கை எனப்படும். பொய் எச்சரிக்கைகள் மிகுந்தால் மெய்யான பிழைகளும் அவற்றினூடே கவனிக்கப்படாமல் போகும் என்பதால், அவற்றைக் குறைப்பது இக்கருவிகளின் வளர்ச்சியில் தொடக்கமுதலே முதன்மைச் சிக்கலாக இருந்துவந்துள்ளது.

லினக்ஸ் கர்னலின் 2.6.31 பதிப்பில், 2009ஆம் ஆண்டு, இத்தகைய இரு கருவிகள் சேர்க்கப்பட்டன. அவற்றுள் கேட்டலின் மாரினாஸ் எழுதிய கேமெம்லீக், ஒதுக்கப்பட்டபின் விடுவிக்கப்படாமலும் எவராலும் எட்டமுடியாமலும் கிடக்கும் நினைவகத் துண்டுகளை, அதாவது கசிவுகளைத் தேடுகிறது. அது வழக்கமாக 10 நிமிடங்களுக்கு ஒருமுறை நினைவகத்தைத் துழாவி, ஒரு துண்டின் முகவரி வேறெங்கும் காணப்படவில்லையெனில் அதனைக் கசிவென்று ஐயுறும். ஆனால் துழாவும் நேரத்தில் அம்முகவரி செயலியின் பதிவகத்தில் மட்டும் இருக்கலாம். அல்லது பட்டியலொன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொண்டிருக்கலாம். ஆகவே, ஒதுக்கப்பட்டு 5 நொடிகள்கூட ஆகாத துண்டுகள் அறிக்கையில் சேர்க்கப்படுவதில்லை. துண்டின் உள்ளடக்கத்துக்குச் சரிபார்ப்புக் கூட்டெண் கணித்து, முந்தைய துழாவலுக்குப்பின் அது மாறியிருந்தால் துண்டு பயன்பாட்டில் உள்ளதெனக் கருதி அறிவிப்பைத் தள்ளிப்போடும் முறையும் பின்னர் சேர்க்கப்பட்டது.

வேகார்ட் நோசம் எழுதிய கேமெம்செக் என்னும் இரண்டாவது கருவி, மதிப்பு எழுதப்படாத நினைவகம் படிக்கப்படுவதைக் கண்காணித்தது. ஒரு பைட் எழுத்தையும் அடுத்து நான்கு பைட் எண்ணையும் கொண்ட கட்டமைப்பில், எண்ணை ஒழுங்கான முகவரியில் வைப்பதற்காகத் தொகுப்பி இடையில் மூன்று பைட்டுகளை வெறுமையாக விடுவது வழக்கம். எட்டு பைட்டுகளையும் மொத்தமாக நகலெடுக்கும்போது தீங்கற்ற அவ்வெற்றிடமும் படிக்கப்படுவதால் எச்சரிக்கை எழும். நிரலாளர்கள் கர்னல் நிரலிலேயே விலக்குக் குறிப்புகளை இடவேண்டியிருந்தது. இக்கருவி 4.15 பதிப்பில் நீக்கப்பட்டது.

2022இல் 6.1 பதிப்பில் அதே நோக்கத்துடன் இணைந்த கேஎம்சான், அறிவிக்கும் தருணத்தையே மாற்றியது. ஒவ்வொரு பிட்டுக்கும் நிழல் பிட் ஒன்றை வைத்து, நகலெடுக்கையில் நிழலையும் உடன் கொண்டுசெல்லும் இக்கருவி, வெறும் படித்தலைக் குற்றமாகக் கொள்ளாமல், மதிப்பில்லாத பிட்டுகள் நிபந்தனையைத் தீர்மானிக்கும்போதோ, முகவரியாகப் பயன்படும்போதோ, பயனர் நினைவகத்துக்கு வெளியேறும்போதோ எச்சரிக்கிறது. கர்னலுக்கு வெளியே இயங்கும் பயனர் நிரல்களைச் சோதிக்க, வால்கிரைண்ட் கருவித்தொகுப்பின் மெம்செக் முன்பே கையாண்ட முறையும் இதுவே. எனினும் தொகுப்பியின் பார்வைக்கு வராத அசெம்பிளி நிரல் எழுதும் மதிப்புகளைக் கேஎம்சான் அறியாது என்பதால், அவ்விடங்களில் விலக்குக் குறிப்புகள் இன்றும் தேவைப்படுகின்றன.

எச்சரிக்கையைத் தவிர்க்கும் இத்தகைய சலுகைகள் மிகுந்தால் மெய்ப்பிழை தப்பிவிடும் ஆபத்தும் உண்டு. தற்செயலாக முகவரியை ஒத்த ஓர் எண்கூடக் கேமெம்லீக்கிடமிருந்து உண்மையான கசிவை மறைத்துவிடும். மறுபுறம், பொய் எச்சரிக்கைகளும் முற்றிலும் நீங்குவதில்லை; கேமெம்லீக்கின் அறிக்கை ஒவ்வொரு பதிவையும் சுட்டப்படாத பொருள் என்று மட்டுமே குறிக்கிறது. கசிவா இல்லையா என்று தீர்ப்பது நிரலாளரின் பொறுப்பு.