இளநீரும் முட்டையும்

ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் இளநீர் வாங்கிப் போவார்கள். வீட்டிலோ புண் ஆறும்வரை முட்டையும் மீனும் ஆகாது என்பார்கள். பெங்களூர் லிங்கராஜபுரத்துத் தமிழ் வீடுகளுக்கும் இந்தப் பத்தியம் புதிதல்ல. ஆனால் வயிற்றில் கத்தி பட்டவர் வாரம் மூன்று தடவை டயாலிசிஸ் செய்துகொள்பவர் என்றால் கணக்கு தலைகீழ். அவருக்கு வேண்டியது முட்டை. ஆபத்து, பொட்டாசியம் நிறைந்த இளநீரில். இதற்குப் பாட்டிமார்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. சிறுநீரக நோயாளிக்குப் புரதம் ஆகாது என்று சீட்டு எழுதிக் கொடுத்தது மருத்துவமேதான். எழுதிய காரணம் மறைந்த பிறகும் சீட்டு கிழிபடவில்லை.

அந்தக் காரணம் அன்றைக்குச் சரியானதே. உண்ட புரதம் யூரியாவாகிறது. சிறுநீரகம் நின்றால் அது ரத்தத்திலேயே தேங்குகிறது. 1949இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் புல்லும் அவருடைய சகாக்களும், சிறுநீர் நின்றுபோன நோயாளிக்கு 400 கிராம் குளுக்கோஸையும் 100 கிராம் கடலை எண்ணெயையும் தண்ணீரில் கலந்து, குழாய் வழியே இரைப்பைக்குள் சொட்டவிட்டார்கள். நம் அடுப்படி எண்ணெய்தான்; புரதம் மருந்துக்கும் கிடையாது. 1964இல் இத்தாலியில் ஜியோவன்னெட்டியும் மஜ்ஜோரேயும் நாள்பட்ட நோய்க்கும் புரதம் குறைத்த உணவை வகுத்தார்கள். ஆனால் அதற்குள் காலம் மாறத் தொடங்கியிருந்தது. 1960இல் சியாட்டிலில் ஸ்க்ரிப்னர் கையில் பொருத்திய குழாய் தொடர் டயாலிசிஸுக்கு வழி திறந்தது. 1960களின் தொடக்கத்திலேயே, பெங்களூரிலிருந்து காட்பாடிக்கு ரயிலேறினால் எட்டிவிடும் வேலூர் சி.எம்.சி.யில் நகமோட்டோ டயாலிசிஸைத் தொடங்கிவைத்தார். யூரியாவை எடுக்க இயந்திரம் வந்துவிட்டது. அது யூரியாவோடு நிற்பதில்லை. ஒவ்வொரு தடவையும் சுமார் 6 முதல் 12 கிராம் அமினோ அமிலத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் அமெரிக்க தேசிய சிறுநீரக அறக்கட்டளையின் 2020 வழிகாட்டி, டயாலிசிஸ் நோயாளிக்கு எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் கேட்கிறது. டயாலிசிஸுக்கு முந்தைய கட்டத்துக்குச் சொல்வதைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு.

இப்படிப் புரதத்தை இழந்து ஏற்கெனவே இளைத்தவர்தான் குடல் அறுவைக்கு வருகிறார். இளைப்பின் விலையை 1936இலேயே ஸ்டட்லி கணக்கிட்டிருந்தார்: வயிற்றுப்புண் அறுவைக்கு முன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் இழந்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்தார், மற்றவர்களில் 3.5 சதவீதம். புரதம் கொடுத்தால் யூரியாவும் பொட்டாசியமும் ஏறுமே என்பார்கள். ஏறும்தான். பட்டினி போட்டாலும் ஏறும், உடல் தன் தசையையே உடைத்துத் தின்பதால். தைத்த குடலுக்கு ஓய்வு வேண்டாமா என்ற கேள்விக்கு, 1968இல் டட்ரிக் ரத்தநாளம் வழியாகவே முழு உணவையும் செலுத்தி விடை காட்டினார். இன்னும் வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: ஊட்டம் உயிர் காக்கும் என்பதற்கே சான்று போதாது. 1973இல் ஏபல் குழு, திடீரெனச் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு அமினோ அமிலமும் குளுக்கோஸும் ஏற்றியபோது 75 சதவீதத்தினர் பிழைத்தார்கள்; வெறும் குளுக்கோஸில் 44. பிந்தைய ஆய்வுகளில் இவ்வளவு பெரிய பலன் உறுதிப்படவில்லை. அது நாள்பட்ட நோயாளிகளின் கணக்கும் அல்ல. ஆகவே ஊட்டம் உயிரைக் காக்கும் என்று அடித்துச் சொல்ல நான் துணியமாட்டேன். பட்டினி காக்கும் என்பதற்கு அந்தச் சான்றுகூட இல்லை.

பத்தியமே வேண்டாம் என்பதல்ல வாதம், அது இடம் மாற வேண்டும் என்பதுதான். தண்ணீருக்கும் உப்புக்கும் பாஸ்பரஸுக்கும் அளவு உண்டு. குடல் உணவை ஏற்கத் தொடங்கியதும், பருப்பையும் காயையும் நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியம் குறையும். முட்டையில் பாஸ்பரஸ் பெரும்பாலும் மஞ்சள் கருவில்தான். ஒரு வெள்ளைக்கருவில் 3.5 கிராம் புரதம் இருக்கிறது.