மணலில் இருந்து கூகுள் டொக்ஸ் வரை: சேர்ந்து எழுதியதில் என் பங்கு எது?



எங்களில் பலருடைய முதல் எழுத்து ஒரு தட்டு அரிசியில்தான் எழுதப்பட்டது. விஜயதசமி நாளில், லண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒரு கோயிலில், பெரியவர் ஒருவர் எங்கள் சுட்டுவிரலைப் பிடித்து 'அ' எழுத வைத்திருப்பார். விரல் எங்களுடையது, விரலை நகர்த்திய கை அவருடையது. அந்த எழுத்தை எழுதியது யார் என்று அன்று யாரும் கேட்கவில்லை. அதற்கு யாரும் புள்ளியும் போடவில்லை.

பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் கதை மாறிவிடுகிறது. சேர்ந்து படியுங்கள் என்கிறார்கள். கூகுள் டொக்ஸில் ஐந்து பேரை ஒரே பக்கத்தில் எழுதச் சொல்கிறார்கள். கடைசியில் ஆளுக்கொரு புள்ளி போடுகிறார்கள். 'இதில் நீ செய்தது எது?' என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது. இந்தப் பதிவு அந்தக் கேள்வியின் வரலாறு. இணையம் வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன், சென்னையில், மணல் பரப்பிய ஒரு தரையில் இருந்து அதைத் தொடங்குகிறேன்.

சென்னையில் ஒரு மணல் தரை

1789இல் அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார், சென்னை எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்துக்குப் பொறுப்பாளரானார். பிரித்தானியப் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். அவர்களில் பலருடைய தாய்மார் இந்தியர்கள். இல்லத்தின் ஆசிரியர்களை வைத்துப் பாடம் நடத்துவது பெல்லுக்குப் பெரும் பாடாக இருந்தது. ஒருநாள் அவர் ஓர் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தைக் கடந்து போனபோது, பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார்.

நாங்கள் திண்ணைப் பள்ளிக்கூடம் என்று சொல்கிறோமே, அந்த வகைப் பள்ளிக்கூடங்கள் அவை. ஒரே ஆசிரியர், வெவ்வேறு வயதுப் பிள்ளைகள். கொஞ்சம் முன்னேறிய பிள்ளை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான், அவர்கள் பாடம் ஒப்புவிப்பதைக் கேட்பான். அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். யாழ்ப்பாணத்தில் ஆசிரியரையே சட்டம்பியார் என்பார்கள். உங்கள் அம்மம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

பெல் தன் இல்லத்திலும் மணலில் எழுத்துச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. அவர் அந்த வேலையை ஜோன் ஃபிறிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் கொடுத்தார். அவன் சின்னப் பிள்ளைகளுக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்தான். பிறகு பெல் முழுப் பள்ளியையும் பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறைக்கு மாற்றினார். 1796இல் ஊர் திரும்பி, 1797இல் லண்டனில் அதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். லண்டன் சதேர்க் பகுதியில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் 1798இல் இதைப்போன்ற ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஓர் ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் படிப்பிக்கலாம், செலவும் குறைவு என்பதால் இந்த முறை இங்கிலாந்து முழுவதும் பரவி, கடல் கடந்தும் போனது.

பெல்லின் முறைக்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் வந்தது. ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் கொலிஜ்' என்றுதான் பெயர். அங்கே படிக்கும் தமிழ்ப் பிள்ளை யாராவது இதை வாசித்தால், உங்கள் சீருடையில் இருக்கும் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

பெல்லின் கல்லறை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இருக்கிறது. எட்டு வயது ஃபிறிஸ்கனின் பெயரும் வரலாற்றில் நிற்கிறது. ஆனால் அந்த மணலில் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளும் அவர்களின் ஆசிரியரும் எங்களுக்குப் பெயரில்லாதவர்கள். அவர்களிடமிருந்து எடுத்தது ஒரு நாட்டின் கல்வி முறையாகவே ஆனது. மணலில் எழுதியது அன்றைக்கே அழிந்துவிடும். யார் எழுதியது என்பதும் அதோடு போய்விடும்.

கையெழுத்து இல்லாத கோப்பு

இனி அமெரிக்காவுக்குப் போவோம். சேர்ந்து எழுதும் இடம் மணலில் இருந்து திரைக்கு மாறியது அங்கேதான்.

1960இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் என்ற பேராசிரியர், கணினி வழியாகப் பாடம் நடத்த 'பிளேட்டோ' என்ற அமைப்பை உருவாக்கத் தொடங்கினார். மாணவர் தனியாக ஒரு திரையின் முன் இருந்து, கணினி கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். ஆரம்பத் திட்டம் அதுதான். 1970களின் தொடக்கத்தில் நூற்றுக்கணக்கான திரைகள் ஒரே கணினியோடு இணைக்கப்பட்டபோது, அவற்றின் முன் இருந்தவர்கள் ஒருவரோடொருவர் பேச வழி தேடினார்கள்.

அப்போது பிழைகளை அறிவிக்க ஒரு பொதுக் கோப்பு இருந்தது. யாரும் அதைத் திறந்து எழுதலாம், யார் எழுதியதையும் மாற்றலாம். சிலர் கீழே பெயர் போடுவார்கள், சிலர் போடமாட்டார்கள். போட்ட பெயர் உண்மையா என்பதும் தெரியாது. சிலசமயம் யாரோ ஒரு குறும்பர் முழுக் கோப்பையும் அழித்துவிடுவார். 1973இல் டேவிட் வூலி என்ற 17 வயது இளைஞர் இதற்கு ஒரு தீர்வு எழுதினார். 'நோட்ஸ்' என்ற அந்தச் செயலியில் ஒவ்வொரு குறிப்போடும் எழுதியவரின் அடையாளமும் திகதியும் தானாகவே பதிவாகும். மற்றவர் அதில் கைவைக்க முடியாது. கொஞ்ச நாளில் அந்த இடம் பிழை அறிவிப்புக்கு அப்பால், பாடங்களையும் உலகத்தையும் பற்றிப் பேசும் இடமாகிவிட்டது.

உங்கள் வயதில் ஒருவர் எழுதியது அது. சேர்ந்து எழுதுபவர்களுக்குள் நம்பிக்கை வரவேண்டுமானால் யார் எதை எழுதினார் என்பது பதிவாகவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எல்லோரும் மாற்றலாம், எதுவும் மறையாது

1995 மார்ச் 25ஆம் திகதி வோர்ட் கன்னிங்ஹம் என்ற அமெரிக்க நிரலாளர் முதல் விக்கியை இணையத்தில் வைத்தார். 'விக்கி' ஹவாய் மொழிச் சொல், 'விரைவு' என்று பொருள். ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய பேருந்தின் பெயரில் இருந்து அதை எடுத்தார். 2001 ஜனவரி 15இல் விக்கிப்பீடியா வந்தது.

இங்கே இரண்டு எண்ணங்கள் சேர்ந்தன. யாரும் எதையும் மாற்றலாம், பழைய பொதுக் கோப்பைப் போல. ஆனால் ஒவ்வொரு மாற்றமும் பக்கத்தின் வரலாற்றில் சேமிக்கப்படும், வூலியின் நோட்ஸைப் போல. ஒருவர் ஒரு காற்புள்ளியைச் சேர்த்தாலும் நேரத்தோடு அது அங்கே நிற்கும்.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. முதல் சில காலம் அதைப் பெரும்பாலும் தனியாளாக வளர்த்தவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்தில் பிறந்த கட்டடக் கலைஞர், வளைகுடா நாட்டில் வேலை செய்துகொண்டே ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது. அவர் தொடங்கிய ஒரு கட்டுரையின் வரலாற்றைத் திறந்தால் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் வரிசையாக இருப்பார்கள். பெயரோடு வந்தவர்கள், பெயர் இல்லாமல் ஓர் இலக்கத்தோடு மட்டும் வந்தவர்கள், எழுத்துப்பிழை மட்டும் திருத்தியவர்கள் என்று எல்லோரும். மணலில் எழுதிய பிள்ளைகளுக்குக் கிடைக்காதது இவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

ஒரே வரியில் இரண்டு பேர்

விக்கியில் ஒருவர் எழுதிச் சேமித்த பிறகு மற்றவர் எழுதுவார். ஒரே நேரத்தில் ஒரே வரியில் எழுதுவது இதைவிடக் கடினமான கணக்கு.

டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பர் 9இல் சான் பிரான்சிஸ்கோ மேடையில் இருந்துகொண்டு, பல மைல் தூரத்தில் மென்லோ பார்க்கில் இருந்த சக ஆய்வாளரோடு ஒரே திரையில் வேலை செய்து காட்டினார். ஆனால் இருவரும் ஒரே கணத்தில் மாற்றினால் என்ன ஆகும்? 'நான் பள்ளி போனேன்' என்று ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் 'பள்ளி'க்குப் பின்னால் 'க்கு' சேர்க்கிறீர்கள். அதே நொடியில் உங்கள் தோழி வரியின் தொடக்கத்தில் 'நேற்று' என்று சேர்க்கிறாள். அவளுடைய திரையில் எல்லா எழுத்தும் வலப்பக்கம் நகர்ந்துவிட்டன. உங்களுடைய 'க்கு' பழைய இடத்தில் போய் விழுந்தால் வேறொரு சொல் உடைந்துவிடும். ஆகவே கணினி உங்கள் மாற்றத்தின் இடத்தை அவளுடைய மாற்றத்துக்கு ஏற்பத் திரும்பக் கணக்கிடவேண்டும். இதற்கான வழியை எல்லிஸ், கிப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1989இல் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். 2005இல் ஒரு சின்ன நிறுவனத்தின் 'ரைட்லி' என்ற இணைய எழுதுபலகை வந்தது. 2006இல் கூகுள் அதை வாங்கியது. கூகுள் டொக்ஸ் அதிலிருந்து பிறந்தது.

பள்ளிகளுக்கான தளமும் இதே காலத்தில் வளர்ந்தது. மூடில் தளத்தின் முதல் பதிப்பு 2002இல் வந்தது. அதை எழுதிய மார்ட்டின் டூகியமாஸ் மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனப் பகுதியில் வளர்ந்தவர். சிறுவயதில் வானொலி வழியாக வகுப்புக் கேட்டுப் படித்தவர். தூரத்தில் இருந்து படிப்பது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மூடிலில் மாணவர்களே சகமாணவரின் ஒப்படையை வாசித்துப் புள்ளி போடும் வசதியும் உண்டு. 2012இல் கோர்செரா வகுப்புகளிலும் அது வந்தது: ஆசிரியர் ஏற்கெனவே திருத்திய மாதிரிகளில் முதலில் பயிற்சி எடுத்துக்கொண்டு, பிறகு மற்றவர்களின் வேலையை மதிப்பிடவேண்டும். சட்டாம்பிள்ளை திரைக்கு வந்துவிட்டார்.

பதிவாகாத வேலை

2020 வசந்தகாலத்தில் உலகம் முழுவதும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களின் பள்ளிகள் மூடப்பட்டிருந்தன. எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் சூமுக்குப் போனது. ஆறு பேருக்கு ஒரு குழு ஒப்படை தந்தார்கள்: பெற்றோரின் ஊர்களின் கதையை ஒரே பக்கத்தில் சேர்ந்து எழுதவேண்டும்.

என்னோடு ஒரு நண்பன் இருந்தான். தமிழில் தட்டச்சு செய்வது அவனுக்கு மிகவும் கடினம். ஆனால் வாரம் முழுவதும் தன் அம்மம்மாவோடு போனில் பேசினான். அவர் ஊர்க் குளத்தின் பெயர், போட் துறையடி, 1980களில் எந்த வழியாக நடந்து வெளியேறினார்கள் என்று எல்லாம் சொன்னார். அவன் அதைக் குரல் பதிவாக எங்கள் வட்ஸ்அப் குழுவில் அனுப்பினான். நாங்கள் கேட்டு, தட்டச்சு செய்தோம். எங்கள் பக்கத்தில் நன்றாக இருந்தது எல்லாம் அவன் கொண்டுவந்ததுதான்.

புள்ளி போடும்போது பக்கத்தின் வரலாற்றைத் திறந்து பார்த்தார்கள். அவன் பெயரில் மூன்று வரிதான் இருந்தது. குழுவிலேயே குறைந்த புள்ளி அவனுக்கு. நாங்கள் மற்ற ஐவரும் சேர்ந்து விளக்கி ஒரு மின்னஞ்சல் எழுதினோம். 'பதிவில் இருப்பதைத்தான் பார்க்கமுடியும்' என்று பதில் வந்தது. புள்ளி மாறவில்லை. அடுத்த தவணைக்கு அவன் வகுப்புக்கு வரவில்லை.

பக்கத்தின் வரலாறு யார் தட்டச்சு செய்தார் என்பதைச் சரியாகச் சொல்கிறது. யார் யோசித்தார், யார் கேட்டறிந்தார், யார் மற்றவருக்குப் பொறுமையாக விளக்கினார் என்பது அதற்குத் தெரியாது. எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய விடயம், ஏனென்றால் எங்கள் வரலாற்றின் பெரும்பகுதி தட்டச்சுத் தெரியாத பெரியவர்களிடம் குரலாக இருக்கிறது.

அதனால் குழு ஒப்படை வரும்போது நான் இப்போது மூன்று காரியம் செய்கிறேன். நீங்களும் செய்து பார்க்கலாம்.

முதலாவது, எழுதத் தொடங்குமுன் பக்கத்தின் மேலே யார் என்ன பொறுப்பு என்று எழுதி வைப்பது: கேட்டறிவது, எழுதுவது, திருத்துவது, படம் தேடுவது. இவை எல்லாமே வேலைதான்.

இரண்டாவது, குரலாக வந்ததை எழுத்தாக்கும்போது அந்த இடத்தில் ஒரு குறிப்புப் போடுவது: 'இது இன்னாரின் அம்மம்மா சொன்னது, இன்னார் கேட்டுத் தந்தது.' ஒரு நிமிட வேலை. ஆனால் அதுவும் வரலாற்றில் பதிவாகிவிடும்.

மூன்றாவது, புள்ளி எப்படிப் போடுவீர்கள் என்று ஆசிரியரிடம் முதல் வாரமே கேட்பது. பக்க வரலாறு மட்டும்தான் என்றால், சகமாணவர்களின் மதிப்பீட்டையும் சேர்த்துக்கொள்ளும்படி கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பல ஆசிரியர்கள் ஒத்துக்கொள்கிறார்கள்.

என் நண்பனின் அம்மம்மா சொன்ன குரல் பதிவுகள் இன்னும் என் போனில் இருக்கின்றன. மொத்தம் 14. அந்தக் குளத்தைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் இன்னும் ஒரு வரிகூட இல்லை. அங்கே ஒரு பக்கம் தொடங்குவதற்கு முதலில் ஆதாரம் தேடவேண்டும், பழைய நூல்களில், பத்திரிகைகளில். கோடை விடுமுறையில் அதைச் செய்வதாக நானும் அவனும் பேசியிருக்கிறோம். தட்டச்சு நான், தேடுவது அவன்.