எண்ணுக்கு ஒரு பூட்டு

பணம் வைக்கும் பெட்டகத்துக்கு இரும்புக் கதவு போடலாம். துப்பாக்கியோடு காவலாளியை நிறுத்தலாம். வாடிக்கையாளரின் கணக்கு எண்ணும், அவர் மட்டுமே அறிந்த இரகசிய எண்ணும் தொலைபேசிக் கம்பி வழியே மின் துடிப்புகளாக ஓடும்போது அவற்றுக்கு யார் காவல்? 1970-களின் தொடக்கத்தில் வங்கிகள் முன் வந்து நின்ற கேள்வி இது. சங்கேத எழுத்து என்றால் படைத்தளபதிகளுக்கும் ஒற்றர்களுக்கும் உரியது என்றே அதுவரை பலரும் எண்ணியிருந்தனர்.

கதை லண்டன் மாநகரின் வடபகுதியான என்ஃபீல்டில் தொடங்குகிறது. 1967 ஜூன் 27 அன்று பார்க்ளேஸ் வங்கி தன் கிளையில் பணம் தரும் இயந்திரம் ஒன்றைத் திறந்து வைத்தது. அதை உருவாக்கிய ஜான் ஷெப்பர்டு-பாரன் நம் ஷில்லாங்கில் பிறந்தவர். இயந்திரத்துக்குப் பிளாஸ்டிக் அட்டை கிடையாது. கதிரியக்கம் உள்ள கார்பன்-14 சிறிதளவு சேர்த்த காகிதச் சீட்டை உள்ளே செலுத்தி, இரகசிய எண்ணை அழுத்தினால் 10 பவுன் வெளியே வரும். எண் ஆறு இலக்கமாக இருக்கட்டும் என்று ஷெப்பர்டு-பாரன் முதலில் நினைத்தாராம். மனைவியோ, நான்குக்கு மேல் தம் நினைவில் நிற்காது என்று சொல்லிவிட்டாராம். இன்று நாம் நான்கு இலக்கம் அழுத்துவதற்குக் காரணம் ஒரு சமையலறை மேசைப் பேச்சு என்று அவரே பிற்காலத்தில் கூறியுள்ளார்.

இந்த இயந்திரம் தனித்து இயங்கியது. சீட்டையும் எண்ணையும் தானே ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டது. 1972-ல் லாயிட்ஸ் வங்கி பிரென்ட்வுட் என்ற ஊரில் வைத்த ஐ.பி.எம். இயந்திரம் வேறு வகை. அது கம்பி வழியாக வங்கியின் மையக் கணிப்பொறியோடு பேசியது. வாடிக்கையாளருக்கு நல்ல வசதிதான். ஆனால் கம்பியில் ஒட்டுக்கேட்பவன் கையில் எண் சிக்கினால் கணக்கு காலி.

இந்த இடத்தில்தான் ஹார்ஸ்ட் ஃபைஸ்டல் வருகிறார். பெர்லினில் பிறந்து 1934-ல் அமெரிக்காவில் குடியேறியவர். ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் அவர் 'லூசிஃபர்' என்ற மறைகுறி முறையை வகுத்தார். லாயிட்ஸ் வங்கியின் பணம் தரும் ஏற்பாட்டுக்காக ஐ.பி.எம். விற்றது இதைத்தான். கணிப்பொறிகளில் குவியும் தனிமனிதர்களின் விவரங்களைப் பூட்டி வைக்க மறைகுறியே வழி என்று 1973-ல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் அவர் விரிவாக எழுதினார்.

மறைகுறி எப்படி வேலை செய்கிறது? நம் வீட்டுக் குழந்தைகள் பேசும் 'க' பாஷையை எடுத்துக்கொள்ளுங்கள். 'நான் வருகிறேன்' என்பதை 'கநா கன் கவ கரு ககி கறே கன்' என்பார்கள். ஒவ்வோர் எழுத்துக்கு முன்னும் ஒரு 'க', அவ்வளவே இரகசியம். விதி தெரிந்தவுடன் எல்லாம் அம்பலம். வங்கிக்கு இது உதவாது. ஒரே முறையை ஆயிரக்கணக்கான இயந்திரங்களில் வைக்க வேண்டும். செய்முறை ஒரு நாள் வெளியே கசிந்தே தீரும். ஆகவே விதி ஊரறிய இருக்கட்டும், இரகசியம் முழுவதும் 'சாவி' எனப்படும் ஓர் எண்ணில் மட்டும் அடங்கட்டும் என்பது இம்முறையின் அடிப்படை. செய்தியைப் பூச்சியமும் ஒன்றுமாக மாற்றி, இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதியைச் சாவியோடு கலந்து மறுபாதியின்மேல் ஏற்றி, பின் பாதிகளை இடம் மாற்றுவார்கள். இப்படி 16 சுற்று. சீட்டுக் கட்டைக் கலைப்பது போன்றதுதான். ஆனால் சாவி உள்ளவர் கலைத்ததை அப்படியே திரும்ப அடுக்கிவிடலாம்.

இதில் வங்கிகள் கண்ட இன்னொரு பயன் எனக்கு மிகவும் பிடித்தது. உங்கள் கணக்கு எண்ணை வங்கியின் சாவியால் மறைகுறியாக்கி, அதன் முதல் சில இலக்கங்களையே உங்கள் இரகசிய எண்ணாகத் தரலாம். ஐ.பி.எம். இயந்திரங்கள் இந்த வழியைப் பரப்பின. இதனால் இரகசிய எண்களை எந்தப் பேரேட்டிலும் எழுதி வைக்கத் தேவையில்லை. வேண்டும்போது மீண்டும் கணக்கிட்டுக்கொள்ளலாம். பட்டியலே இல்லாதபோது எதைத் திருடுவது? ஆனால் அந்த ஒரு சாவி வெளியே போனால் அத்தனை வாடிக்கையாளரும் சேர்ந்து போனார்கள்!

1973-ல் அமெரிக்கத் தரநிர்ணயச் செயலகம், எல்லாருக்கும் பொதுவான மறைகுறி முறை ஒன்று வேண்டுமென்று அறிவித்தது. லூசிஃபரைத் திருத்தி ஐ.பி.எம். அனுப்பியது. 1977-ல் அது 'டெஸ்' என்ற பெயரில் அரசுத் தரமாக வெளியாயிற்று. லூசிஃபரின் ஒரு வடிவத்தில் 128 பிட் இருந்த சாவி, டெஸ் முறையில் 56 பிட்டாகச் சுருங்கியிருந்தது. காரணம் என்.எஸ்.ஏ. என்ற அமெரிக்க உளவு அமைப்பு. 64 பிட்டை 48 ஆக்க அது முயன்றது, கடைசியில் 56-க்குச் சமரசமாயிற்று என்று அவ்வமைப்பின் சொந்த வரலாறே பிற்பாடு ஒப்புக்கொண்டது. வாடிக்கையாளரின் இரகசியத்தைச் சந்தைக் காய்கறி போல் பேரம் பேசியிருக்கிறார்கள்!

56 பிட் சாவிகள் ஏறத்தாழ 72,000 லட்சம் கோடி. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் விட்ஃபீல்டு டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் 1977-லேயே எச்சரித்தார்கள்: 2 கோடி டாலர் செலவிட்டுத் தனி இயந்திரம் கட்டினால் ஒரே நாளில் எல்லாச் சாவிகளையும் போட்டுப் பார்த்துவிடலாம். முறைக்குள் இருந்த மாற்று அட்டவணைகளிலும் உளவு அமைப்பு கள்ளக் கதவு வைத்திருக்கிறது என்று பலர் ஐயுற்றனர்.

ஐயத்தில் பாதி தவறு. 1990-ல் இஸ்ரேலைச் சேர்ந்த பிகாமும் ஷமிரும் மறைகுறியை உடைக்கும் புதிய கணித முறையைப் பதிப்பித்தபோது, அந்த அட்டவணைகள் அதை எதிர்த்து நிற்கும்படியே அமைந்திருப்பது தெரிந்தது. ஐ.பி.எம். குழுவினர் 1974-லேயே அந்தத் தாக்குதலை அறிந்து, வெளியிடாமல் வைத்திருந்தார்கள் என்று குழுவில் இருந்த டான் காப்பர்ஸ்மித் 1994-ல் எழுதினார். மறுபாதி, அதாவது சாவி குட்டை என்பது, முழு உண்மையாயிற்று. 1998 ஜூலையில் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் பவுண்டேஷன் என்ற அமைப்பு 2,50,000 டாலருக்கும் குறைவான செலவில் இயந்திரம் கட்டி, 56 மணி நேரத்தில் ஒரு சாவியைக் கண்டுபிடித்தது. அடுத்த ஜனவரியில் 22 மணி 15 நிமிடம் போதுமானதாயிற்று.

ஊர் ஊராக நிறுவியிருந்த இயந்திரங்களை ஒரே நாளில் தூக்கி எறிய முடியுமா? டெஸ் முறையை வடிவமைத்த வால்டர் டச்மன் 1970-களின் இறுதியிலேயே வழி சொல்லியிருந்தார். ஒரு சாவியால் பூட்டு. வேறொரு சாவியால் 'திற'. மறுபடி முதல் சாவியால் பூட்டு. நடுவில் ஏன் திறக்க வேண்டும்? இரண்டு சாவியும் ஒன்றாக இருந்தால் முதல் இரண்டு வேலைகளும் ஒன்றையொன்று அழித்துவிடும். எஞ்சுவது பழைய டெஸ். புது இயந்திரம் பழையதோடும் பேசலாம். வங்கிகள் பலவும் இந்த மும்மடிப் பூட்டைப் போட்டுக்கொண்டு காலம் கடத்தின. இதற்கிடையில் பெல்ஜியத்தின் டேமன், ரைமன் இருவரும் வகுத்த ஏ.இ.எஸ். முறை 2001-ல் புதிய தரமாயிற்று. அதில் மிகச் சிறிய சாவியே 128 பிட். தனி டெஸ் 2005-ல் கைவிடப்பட்டது. மும்மடிப் பூட்டுக்கு அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் கொடுத்த கெடு 2023 டிசம்பரோடு முடிந்தது. பழைய முறையில் பூட்டிவைத்த ஆவணங்களைத் திறப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு.