அடையாற்றுக் கழிமுகமும் 1746-ஆம் ஆண்டுப் போரும்

ஆறு கடலொடு கலக்கும் இடத்தைக் கழிமுகம் என்பது தமிழ் வழக்கு. திருவல்லிக்கேணிக்குத் தெற்கே, பட்டினப்பாக்கத்துக்கும் பிரம்மஞான சபைத் தோட்டத்துக்கும் இடையே, அடையாறு அகன்று பரந்து வங்கக் கடலை அடைகின்றது. கடல் ஏறுங்கால் உவர்நீர் உட்புகும். மழையற்ற மாதங்களில் அலை கொணரும் மணல் முகத்தை அடைக்கும். வடகிழக்குப் பருவமழைப் பெருக்கு அம்மேட்டை உடைத்தேகும். ஆழமின்மையால் பெருங்கலங்கள் நுழையா. காலாட்படை இறங்கிக் கடக்கலாம். இவ்வியல்பே 1746-இல் இந்திய வரலாற்றைத் திருப்பியது.

அவ்வாண்டு செப்டம்பரில் லாபூர்தொனே தலைமையிலான பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரின் சென்னைக் கோட்டையைக் கைப்பற்றியது. நகரைத் தமக்குத் தருவதாகப் புதுச்சேரி ஆளுநர் தூப்ளே அளித்த வாக்குப் பொய்த்ததென ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் வெகுண்டார். மூத்த மகன் மாபூஸ்கானை ஏறத்தாழ 10,000 வீரரொடு அனுப்பினார். புதுச்சேரியினின்று பராதி என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஏறத்தாழ ஆயிரவரொடு வந்தார். அவருள் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்களே. பீரங்கி ஒன்றும் இல்லை.

அக்டோபர் 24 அன்று (புதிய நாட்காட்டிப்படி நவம்பர் 4) வடகரையில் பீரங்கிகளொடு நின்ற நவாபின் படையை நோக்கிப் பராதியின் வீரர் ஆற்றில் இறங்கினர். கரையேறி, ஒருசேரச் சுட்டு, துப்பாக்கி முனைக் கத்தியொடு பாய்ந்தனர். பெரும்படை சாந்தோமுக்குள் சிதறி ஓடிற்று. எண்ணிக்கையை ஒழுங்கும் விரைவான சூடும் வெல்லும் என்பதை ஐரோப்பியர் அன்று அறிந்தனர். இந்தியச் சிப்பாய்க்குப் பயிற்சியளித்து இந்திய அரசுகளை வீழ்த்தும் வழி அதன்பின் விரிந்தது. 1748-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் சென்னை ஆங்கிலேயரிடம் மீண்டது; அவ்வழியும் அவர்க்கே பெரிதும் பயன்பட்டது.

தொல்காப்பியர் நெய்தலுக்குப் புறனாகத் தும்பையை வைத்தார். வலிமையை நாட்டவே இருபடை பொருதுவது தும்பை. அடையாற்றில் நிகழ்ந்ததும் நெய்தல் நிலத்துப் போரே. ஆனால் அதன் உள்ளீடு வணிகம். இருபக்கமும் மாய்ந்த எளிய வீரர் யார் பெயரும் பாடலில் ஏறவில்லை.

தோற்ற மாபூஸ்கானின் தம்பி முகம்மது அலி வாலாஜா, பின்னாளில் ஆங்கிலேயர் நிழலில் சேப்பாக்கத்தில் மாளிகை எழுப்பினார். திருவல்லிக்கேணியின் வாலாஜா பெயர்களுக்குப் பின்னே அக்கழிமுகத் தோல்வியும் மறைந்து நிற்கின்றது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். அப்பெயரற்றோர்க்கு இரங்கும் பாடல் ஒன்று இன்னும் எழுதப்பட வேண்டியுள்ளது. அது கவிஞர் கடன்.