காற்றுக்குழாயின் பெயர்

ஆர்ட்டரி என்ற ஆங்கிலச் சொல் நமக்குத் தமனி. இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய். அதன் மூலச்சொல்லான 'ஆர்ட்டீரியா' கிரேக்கத்தில் முதலில் குறித்தது ரத்தக்குழாயை அல்ல, மூச்சுக்குழாயை.

பெயர் இடம் மாறியதற்குக் காரணம் பிணங்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் காஸ் தீவைச் சேர்ந்த பிராக்ஸகோரஸ், தமனியையும் சிரையையும் வெவ்வேறாகப் பிரித்துச் சொன்னார். சிரையில் ரத்தம் ஓடுகிறது, தமனியில் 'நியூமா' என்னும் உயிர்க்காற்று ஓடுகிறது என்றார். இறந்த உடலை அறுத்தால் சிரைகளில் ரத்தம் தேங்கியிருக்கும், தமனிகள் பெரும்பாலும் காலியாக இருக்கும். தமனியின் சுவர் தடித்தது, சுருங்கும் தன்மை கொண்டது. உயிர் போகும்போது அது சுருங்கி, உள்ளிருக்கும் ரத்தத்தைச் சிரைகளின் பக்கம் தள்ளிவிடுகிறது. அவர் கண்டது உண்மை, ஊகித்ததுதான் பிழை.

அப்படியானால் உயிருள்ளவரின் தமனியை வெட்டினால் ரத்தம் பீறிடுகிறதே? அடுத்த நூற்றாண்டில் எராசிஸ்டிராட்டஸ் அதற்கும் விடை வைத்திருந்தார். வெட்டியதும் காற்று வெளியேறிவிடுகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்ப, கண்ணுக்குத் தெரியாத நுண்வழிகள் மூலம் சிரையிலிருந்து ரத்தம் பாய்ந்து வருகிறது என்றார். இந்த மனிதரை வியக்காமல் இருக்க முடியவில்லை. ஓட்டத்தின் திசை தவறு, ஆனால் நுண்வழிகள் இருப்பது நிஜம். 1661இல் இத்தாலியரான மால்பீகி, தவளையின் நுரையீரலில் அந்தத் தந்துகிகளை நுண்ணோக்கியில் கண்டார்.

காற்றுக் கொள்கையை உடைத்தவர் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் கேலன். உயிருள்ள விலங்கின் தமனியை இரண்டு இடங்களில் கட்டி, நடுவே அறுத்தார். உள்ளே ரத்தம் மட்டுமே இருந்தது. எளிய சோதனைதான், ஆனால் மறுக்க இடமில்லாதது. இருந்தும் பெயர் மாறவில்லை.

'காற்றைக் காப்பது' என்று அந்தச் சொல்லைப் பிரித்துப் பொருள் சொல்லும் வழக்கம் பழையது. 'தூக்கு, தொங்கவிடு' என்ற வினையிலிருந்து வந்திருக்கலாம் என்பது இன்றைய சொல்லாய்வாளர் பலரின் கருத்து. அயோர்ட்டா என்ற பெருந்தமனியின் பெயரும் அந்த வினையிலிருந்து வந்ததே.

ஒரே பெயர் இரண்டு குழாய்களுக்கு இருந்ததால் குழப்பம் வந்தது. குருத்தெலும்பு வளையங்களால் மேடுபள்ளமாக இருக்கும் மூச்சுக்குழாயைச் 'சொரசொரப்பான ஆர்ட்டீரியா' என்று அடைமொழி சேர்த்து அழைத்தார்கள். காலப்போக்கில் பெயர் உதிர்ந்து அடைமொழி மட்டும் நின்றது. அதுதான் ட்ரக்கியா. இமையின் உட்புறத்தைச் சொரசொரப்பாக்கிப் பார்வையைப் பறிக்கும் ட்ரக்கோமா நோயின் பெயரும் அதே வேரில் முளைத்தது.